நல்ல பனி

குடோனுக்கு வெள்ளையடிக்கலாம் என்று போன வாரம் சாக்குகளை எல்லாம் வெளியே எடுத்துப் போடச் சொன்னேன். பின்சுவரை ஒட்டி, பழைய தராசுக்கும் கிழிந்த தார்ப்பாய்க்கும் அடியில் உன் பெட்டி இருந்தது. தேயிலை அனுப்புவதற்கு அடிக்கிற பிளைவுட் பெட்டி. ஒரு பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாள் மட்டும் அப்படியே மின்னுகிறது. கையை விட்டுத் தடவினேன். அதற்குள் நீ பொருத்தி வைத்த ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் சவரப் பிளேடால் போட்ட ஏழு கீறல்களும் விரலுக்குத் தட்டுப்பட்டன.

"இதத் தூக்கிப் போட்டுரலாமா மொதலாளி?" என்று ஆட்கள் கேட்டார்கள். தார்ப்பாயைப் போட்டு மூடி வைக்கச் சொன்னேன். மூன்று நாள் கழித்து வண்டியை எடுத்துக்கொண்டு போடிக்குப் போனேன். அங்கே போய்விட்டு வந்ததால்தான் இந்தக் கடிதம். இல்லாவிட்டால் நான் பேனா பிடிக்கிற ஆளா? சாக்கில் அடையாளம் எழுதுவதற்கு மேல் நான் எழுதி நீ பார்த்ததில்லை.

உன் சாவுக்கு நான் காரணம் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. லாரி டிரைவர் செல்லையா காரணம் என்றுதான் இந்த மலை முழுக்கச் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அதை இப்போது முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

பொள்ளாச்சிப் பக்கத்துக் கோபாலபுரத்திலிருந்து மலை ஏறி இந்தச் சித்திரபுரத்துக்கு வந்தபோது எனக்கு ஏலக்காய்க் கடையில் சாக்குத் தைக்கிற வேலை. ஐந்தாறு வருஷத்தில் சொந்தமாக வாங்கி விற்க ஆரம்பித்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில், ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார மேனேஜரின் பங்களாச் சாமான்களை மொத்தமாக எடுத்தேன். நாற்காலிகளுக்காகத்தான் எடுத்தேன். கூடவே ஒரு பெட்டி இசைத்தட்டும், கழுத்தில் விரிசல் விட்ட ஒரு கிடாரும் வந்து சேர்ந்தன. நீ அப்போது மின்சார வாரியத்தில் வயர்மேன். பங்களாவின் லைனைப் பிரிக்க வந்தவன், ஒரு தட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, திருப்புளியோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

"ஏலே, இது பாட்டு இல்லலே. டிரான்ஸ்பார்மருக்குப் பேய் பிடிச்சா இப்படித்தான் கத்தும்."

உன் முகத்தில் பயம்தான் இருந்தது. ஆனாலும் எழுந்துபோகவில்லை.

"புடிச்சிருக்குதுன்னா எடுத்துக்கோ. எனக்குச் சேரு போதும்" என்றேன். நம் வாத்தியக் கோஷ்டி பிறந்தது அப்படித்தான். அந்த இசைத்தட்டுப் பெட்டியை அன்றைக்குக் காயலான் கடைக்குப் போட்டிருந்தால் நீ ரிட்டையர் ஆகி, பேரன் பேத்தி எடுத்து, இன்று காலை என்னோடு டீ குடித்துக்கொண்டிருப்பாய்.

எரிந்துபோன மோட்டாரின் செம்புக் கம்பியை உரித்து, கிடாரின் சத்தத்தை இழுக்கிற கம்பிச்சுருளை நீயே சுற்றினாய். கல்யாண வீட்டு மைக் செட்டின் பழைய ஆம்ப்ளிபையரைத் தேயிலைப் பெட்டிக்குள் பூட்டினாய். ஸ்பீக்கரை ஏன் கீறுகிறாய் என்று கேட்டதற்கு, "சுத்தமான சத்தத்துல ஒண்ணுமில்லலே, கொஞ்சம் கிழிஞ்சாத்தான் உள்ள இருக்கது வெளிய வரும்" என்றாய். சுருதி சேர்க்க உனக்கு வாத்தியம் எதுவும் வேண்டாம். சப்ஸ்டேஷன் வேலியோரம் போய் நின்று, டிரான்ஸ்பார்மர் முனகுவதைக் கேட்டுக் கேட்டுத் தந்தியை முறுக்குவாய்.

தேயிலைப் பாக்டரியில் ரோலர் ஓட்டிக்கொண்டிருந்த முருகேசன் டிரம் அடிக்க வந்தான். வாரிய ஆபீஸ் குமாஸ்தா சுந்தரம் ஆர்மோனியம். பாலக்காட்டு அக்கிரகாரத்துக் குடும்பத்துப் பையன். வீட்டுக்குத் தெரியாமல் கொண்டுவந்த அந்த ஆர்மோனியத்தின் வயிற்றுக்குள் நீ மைக்கை வைத்துக் கட்டியதைப் பார்த்து, "எங்க அப்பா பார்த்தா என்னைச் சேர்த்துக் கட்டிடுவார், கேட்டியோ" என்றான். ஏலக்காய் உலர்த்தாத நாட்களில் என் ஸ்டோர்தான் உங்களுக்கு இடம். ஜீப்பும் என்னுடையது. அதன் மூக்கில் பனிக்காகப் போட்டிருந்த இரண்டு மஞ்சள் விளக்குகளைப் பார்த்துத்தான் 'ஃபாக் லாம்ப்ஸ்' என்று பெயர் வைத்தாய்.

கேட்டவர்கள் எல்லாம் கை தட்டினார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். 'டர்பைன்' என்று நீ ஒரு பாட்டு கட்டியிருந்தாய். பத்து நிமிஷம், ஒரே ஒரு சொல், மீதியெல்லாம் இரைச்சல். அதை எடுத்தால் நாய்கள் ஊளையிடும், கைக்குழந்தைகள் வீறிடும், பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். இழவு வீட்டுச் சத்தம் என்று பெயரே விழுந்துவிட்டது. ஆனாலும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருந்த இளவட்டங்கள் அடுத்த தோட்டம் வரை நடந்து வந்து கேட்டார்கள். ஏன் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஒருமுறை பாலக்காட்டில் வாசிக்கப் பொள்ளாச்சி வழியாகப் போனோம். கோபாலபுரம் செக்போஸ்டில் ஜீப்பை மறித்தார்கள். அரிசி கடத்தலுக்குக் கெடுபிடியாக இருந்த சமயம். கான்ஸ்டபிள் தேயிலைப் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "ஏனுங்க, பொட்டிக்குள்ள அரிசிங்களா?" என்றார்.

"இல்லீங்க, சத்தமுங்க" என்றேன்.

"நக்கலா? தொறந்து காட்டுங்க."

நீ அதற்குள் டீக்கடை பிளக்கில் ஒயரைச் சொருகிவிட்டாய். ஒரே ஒரு இழுப்பு. கடையில் கண்ணாடி டம்ளர்கள் அதிர்ந்தன. அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "சாமி, இதுக்கு அரிசியே தேவலாமுங்க! கொண்டுட்டுப் போங்க, கொண்டுட்டுப் போங்க!" என்று கத்தினார். பாலக்காடு போய்ச் சேருகிற வரைக்கும் முருகேசன் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

நாம் நால்வரும் சேர்ந்து சிரித்ததில் எனக்கு நினைவிருக்கிற கடைசிச் சிரிப்பு வேறொன்று. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

போடிமெட்டை ஒட்டி மேலே அந்த எஸ்டேட். பெயர் எழுதவில்லை, அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அதன் காயை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று நான் இரண்டு வருஷமாக அலைந்துகொண்டிருந்தேன். அவ்வளவு பச்சை, அவ்வளவு பருமன். மாசியில் அவர்களுடைய அம்மன் கொண்டாட்டத்துக்கு, "உங்க ஆட்கள் வந்து பகல் ரெண்டு மணிக்கு வாசிக்கட்டும்" என்று எஸ்டேட் ஆபீஸிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். எனக்கு அது பாட்டுக் கச்சேரி இல்லை. கதவு திறக்கிற சத்தம்.

கொண்டாட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், போடிமெட்டு டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். செல்லையா லாரியை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை.

"ஏப்பா தம்பி, அந்த எஸ்டேட் கம்பவுண்டரு ரோட்டுல நின்னு வண்டிய மறிச்சாரு. மேல நல்ல பனியாம். பாட்டுக்காரங்கள இப்ப வர வேணாம்னு சொல்லச் சொன்னாரு."

"இப்படி வெயிலடிக்குது, பனியாண்ணே?"

"எனக்கென்னப்பா தெரியும்? அவரு சொன்னத அப்படியே சொல்றேன். கம்பவுண்டரு சொன்னாருன்னு பேரச் சொல்லிச் சொல்லுன்னாரு. மறந்துறாத."

லாரி இறங்கிப் போய்விட்டது. மருந்து கொடுக்கிறவர் எதற்காகப் பனியைப் பற்றி ஆள் விட்டுச் சொல்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. ஒரு காயை நசுக்கி மோந்து, எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்லிவிடுகிறவன் நான். இதில் மூக்கு வேலை செய்யவில்லை. அல்லது நான் அதை வேலை செய்ய விடவில்லை.

அன்று மாலை ஸ்டோரில் உங்களிடம் சொன்னேன்.

"மேல நல்ல பனியாமா. வர வேண்டாங்கறாங்க."

"யாருலே சொன்னது?" என்று கேட்டாய். கம்பியை முறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாய்.

"காத்துல வந்துச்சு" என்றேன்.

எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்லுவோம். எங்கே காய் இறங்கியது, யார் விற்கப்போகிறார், யாருக்கு அவசரம்: சேதியைச் சொல்லலாம், அது யார் வாயிலிருந்து வந்தது என்பதைச் சொல்லக்கூடாது. ஆளைச் சொல்லிவிட்டால் அடுத்த சேதி வராது. சாக்குத் தைத்த காலத்திலேயே பழகியது. அதனால் நாக்கு தானாகச் சொல்லிவிட்டது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அதுவல்ல. கம்பவுண்டர் என்று சொன்னால் நீ கம்பவுண்டரைப் பார்க்க வேண்டும் என்பாய், ஆள் அனுப்பலாம் என்பாய், தேதி தள்ளிப்போகும், ஆபீஸில் என் மேல் வருத்தம் வரும். இதெல்லாம் ஒரு நொடியில் மனசில் ஓடியது.

"பனிக்குப் பயந்தா நம்ம பேர மாத்தணும்ணே" என்றான் முருகேசன்.

"ஃபாக் லாம்ப்ஸ்னு பேரும் வெச்சுண்டு, பனி பெய்யறதுன்னு போர்த்திண்டு படுத்துண்டா நன்னாவா இருக்கு?" என்று சுந்தரம் ஆர்மோனியத் துருத்தியைத் தட்டினான்.

நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன். அதுதான் அந்தச் சிரிப்பு.

கொண்டாட்டத்தன்று காலையில் கிளம்பினோம். மஞ்சள் விளக்கின் கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தேன். மலை ஏற ஏற வானம் கழுவி விட்டதுபோல நீலம். எந்த வளைவிலும் ஒரு இழை பனி இல்லை. போடிமெட்டுக் கொண்டையூசி வளைவில் நிறுத்தியபோது கீழே சமவெளி, தென்னந்தோப்பு, கண்மாய்த் தண்ணீர் மினுங்குவது வரை தெரிந்தது.

"மொதலாளி, பனி எங்கலே?" என்றாய்.

"விலகியிருக்கும்டா."

"விலகுனா ஈரமாச்சும் இருக்கும்லா. புல்லு காஞ்சு கெடக்கு."

நான் கியரைப் போட்டேன். அந்த இடத்தில் நான் வண்டியைத் திருப்பியிருக்கலாம். அவ்வளவு வெளிச்சமான பகலை அதற்கு முன்பும் பின்பும் அந்த மலையில் நான் பார்த்ததில்லை.

எஸ்டேட் வாசலில் சங்கிலி கீழே கிடந்தது, வாட்ச்மேன் இல்லை. ஜீப் சத்தம் கேட்டால் பின்னால் ஓடி வருகிற பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. உச்சி வேளையில் லைன் வீட்டுக் கதவுகள் சாத்தியிருந்தன. எந்தக் கூரையிலும் அடுப்புப் புகை இல்லை. வாய்க்கால் நெடுக வெள்ளையாகப் பொடி தூவியிருந்தது. பிளீச்சிங் பவுடர் நெடி கண்ணைக் கரித்தது.

"என்னடா இது, ஒரு ஆத்மாவைக் காணோம்" என்றான் சுந்தரம்.

எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தா சிரித்த முகமாக ஓடி வந்தார். "வருவாங்க, எல்லாரும் வருவாங்க. நீங்க செட்டக் கட்டுங்க" என்று மாலை போட்டார். கொஞ்ச நேரத்தில் நாற்பது பேர் போல வந்து, மேடைக்குத் தூரத்தில், ஒருவருக்கொருவர் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். அந்த வெயிலில் பாதிப்பேர் கம்பளியைப் போர்த்தியிருந்தார்கள். குளிர்ப் பிரதேசத்து ஆட்கள், பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ முதல் பாட்டிலேயே 'டர்பைன்' எடுத்தாய். அன்று நாய் குரைக்கவில்லை, யாரும் எழுந்து போகவில்லை. எல்லோரும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை யாருமே முழுசாகக் கேட்டிராத அந்தப் பாட்டை அவர்கள் கடைசி வரை கேட்டார்கள். முடித்தபோது உனக்கு வேர்த்துக் கொட்டியது. லைனிலிருந்து ஒரு அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நீ அண்ணாந்து மடமடவென்று குடித்தாய். மீதியை முருகேசன் குடித்தான். சுந்தரம் வெளியில் தண்ணீர் குடிக்கமாட்டான்; கூஜா அவன் கூடவே வரும். நானும் குடிக்கவில்லை. போகிற இடத்தில் டீ மட்டும்தான் என்பது மஞ்சள் காமாலை வந்ததிலிருந்து என் கட்டுப்பாடு.

அடுத்த பாட்டின் நடுவில் சத்தம் நின்றது. மேடைக்குப் பின்னால் கம்பவுண்டர் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சவரம் செய்து பல நாள் ஆன முகம். அழுகிறாரா கோபமா என்று தெரியாத குரலில் கத்தினார்.

"பனியாணு, வரண்டான்னு ஞான் பறஞ்ஞு விட்டதல்லே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் மலையாளி. மலையாளத்தில் மஞ்சு என்றால்தான் நம் பனி. பனி என்றால் காய்ச்சல். நல்ல பனி என்றால் கடுங்காய்ச்சல். வெளியே தெரிந்தால் தோட்டத்து ஆட்கள் மலை இறங்கிவிடுவார்கள் என்று ஆபீஸ் மூடி வைத்திருக்கிறது. சீட்டு எழுதினால் தன் வேலை போய்விடும் என்று அந்த மனுஷன் ரோட்டுக்கு ஓடி வந்து, கிடைத்த டிரைவரிடம் வாயால் சொல்லி விட்டிருக்கிறார். கம்பவுண்டர் சொன்னார் என்றாலே காய்ச்சல் என்று புரிந்துவிடும் என்றுதான் தன் பெயரைச் சொல்லச் சொல்லியிருக்கிறார். வாரியக் குவார்ட்டர்ஸில் பாதிப்பேர் மலையாளிகள். நீ அவர்களோடு வளர்ந்தவன். சுந்தரத்துக்கு அது இரண்டாவது தாய்மொழி. கம்பவுண்டர் சொன்னார் பனி என்று நான் சொல்லியிருந்தால், உங்கள் இருவருக்கும் ஒரு நொடி ஆகியிருக்காது.

அவர் உன் தோளைப் பிடித்து, கொஞ்சம் சத்தம் தணிந்து, "வெள்ளம் வல்லதும் குடிச்சோ?" என்று கேட்டார். தண்ணீரைத்தான் அப்படிக் கேட்டார்.

நீ காலடியில் கிடந்த செம்பைப் பார்த்தாய். 

திரும்பும்போது ஜீப்பில் முருகேசன் கொதித்தான். "எவன்ணே அந்தச் சேதியக் கொண்டாந்தது?"

"செல்லையாதான். பனின்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு" என்றேன். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை.

பத்து நாள் கழித்து முருகேசன் படுத்தான். அதற்கடுத்த நாள் நீ. விஷக்காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில் உனக்கு. இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம் நான் வந்தபோது, உதடெல்லாம் வெடித்து, கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"செல்லையா அண்ணன் கம்பவுண்டர் பேரச் சொன்னாராலே?" என்று கேட்டாய்.

"இல்லடா."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாய். மறுபடியும், "பேரச் சொன்னாரா?"

"சொல்லலடா. தூங்கு."

நான் கிளம்புகிற வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டாய். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றேன். வாசலில் நர்ஸிடம், "காய்ச்சல் தலைக்கேறிருச்சுங்க, ஒண்ணையே பெனாத்தறான், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். அதற்கு நான்காம் நாள் நீ இல்லை.

முருகேசன் பிழைத்தான், முடியெல்லாம் கொட்டி, ஒரு காது கேட்காமல். அவன் அதன்பின் குச்சியைத் தொடவில்லை. சுந்தரம் மாற்றல் வாங்கிக்கொண்டு பாலக்காட்டுக்கே போய்விட்டான். அந்தக் கம்பவுண்டரும் அந்த மாசமே அதே காய்ச்சலில் போனார். என்ன சொல்லி விட்டார் என்று கேட்க ஆள் இல்லை. செல்லையா ஓரிரு இடங்களில் நடந்ததைச் சொல்லிப் பார்த்திருக்கிறார். கடை வைத்திருக்கிற என் பேச்சை நம்பினார்கள், லாரி ஓட்டுகிறவர் பேச்சை நம்பவில்லை. அவர் இந்த ரோட்டையே விட்டுவிட்டு வேறு பக்கம் ஓட்டப் போனார். பஜாரில் யாராவது சேதியை மாற்றிச் சொல்லிவிட்டால் 'செல்லையா பனி' என்று சொல்லுகிற வழக்கம் வந்தது. இப்போதும் இருக்கிறது. காரணம் தெரியாத பிள்ளைகள்கூடச் சொல்கின்றன. அந்த எஸ்டேட் காய்ச்சலைப் பற்றி நான் வெளியே மூச்சுவிடவில்லை. அது அவர்களுக்குப் பிடித்திருந்தது. காய் எனக்கே வந்தது. வருஷக்கணக்கில் எடுத்தேன். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

போடியில் செல்லையா மகள் வீட்டில் இருக்கிறார். கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிய நேரமானது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன்.

"அண்ணே, நீங்க கம்பவுண்டர் பேரச் சொல்லித்தான் சொன்னீங்க. நான்தான் அதை அவங்கிட்டச் சொல்லாம முழுங்கிட்டேன்."

உலக்கை நிற்கவில்லை. "அது எனக்குத் தெரியாதாப்பா? அந்தத் தம்பிக்கும் தெரியுமே."

"யாருக்கு?"

"செத்துப்போன தம்பிக்கு. எல்லாரும் என்னைய வையுறாகன்னு மனசு கேக்காம ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலையில வெள்ளன. இன்னார் சொன்னாருன்னு பேரோடதான் உங்காளுகிட்டச் சொன்னேன் தம்பின்னேன். அது என் கையப் பிடிச்சுக்கிச்சு. 'தெரியும்ணே. மத்தியானம் வருவான். அவன் வாயால சொல்லட்டும்'னுச்சு."

 அவர் மகள் கொடுத்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். கிளம்பும்போது, "எங்கிட்டச் சொல்லி என்னப்பா ஆகப்போகுது? எனக்குத்தான் தெரியுமே. பஜாருல போய்ச் சொல்லு" என்றார்.

நேற்றுக் காலை சொன்னேன். டீக்கடையில் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். எழுந்து நின்று, செல்லையா அண்ணன் சேதியை மாற்றவில்லை, மறைத்தது நான் என்று சொன்னேன்.  சிலர் டம்ளரைப் பார்த்தார்கள், சிலர் ரோட்டைப் பார்த்தார்கள். இன்று என் கடை வாசலில் வழக்கமாக வந்து உட்காருகிறவர்கள் வரவில்லை. அது பரவாயில்லை.

எனக்கு அந்த மத்தியானத்தைத்தான் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷமும் நீ தெரியாமல் போனாய் என்றே நினைத்திருந்தேன். அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. நீ பிதற்றவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டு, வெடித்த உதட்டோடு, ஒவ்வொரு தடவையும் எனக்கு இடம் விட்டு விட்டுக் கேட்டிருக்கிறாய். இனி எந்த வேலையில் இருந்தாலும் அந்தக் குரல் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். பேரச் சொன்னாராலே?

சொன்னார்டா. கம்பவுண்டர் பேரைச் சொல்லித்தான் சொன்னார்.